டிக்கியில் இருந்தது... மனசில் இருந்ததா?

'ரயிலில் கேட்பாரற்றுக் கிடந்த பையில் கஞ்சா, போலீசார் விசாரணை.'

நம்ம ஊர் பேப்பர்களில் அடிக்கடி கண்ணில் படுகிற செய்தி இது. நாலே வரி. பக்கத்திலேயே நகைக்கடை விளம்பரம் இருப்பதால் நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் அந்த 'கேட்பாரற்று' என்கிற வார்த்தையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ரயிலில் பத்து ரூபாய் வாட்டர் பாட்டிலை மறந்து வைத்தாலே ஓடி வந்து எடுக்கிற ஜனங்கள் நாம். அத்தனை விலையுள்ள சரக்கைக் கேட்க ஆள் இல்லாமலா போகும்? அதே பெட்டியில் நாலு சீட் தள்ளி ஒரு ஆசாமி, ஜன்னல் வழியாக மதுக்கரை மலையின் அழகை ரசித்துக்கொண்டு வருவார். போலீஸ் கேட்டால், "பையா? எந்தப் பைங்க?" என்பார். அவ்வளவுதான். சரக்கு ஸ்டேஷனுக்கு, ஆசாமி வீட்டுக்கு!

போத்தனூர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதுசில்லை. ஜார்க்கண்ட், ஒடிசா, ஆந்திரா பக்கமிருந்து கேரளாவுக்குப் போகிற ரயில்கள் எல்லாம் நம்ம ஏரியாவைத் தொட்டுத்தான் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்தாக வேண்டும். ரோட்டில் போனால் வாளையார் செக்போஸ்ட். கஞ்சாவும் இதே வழியில்தான் டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்கிறது. ரயிலில், காரில், லாரியில், பார்சல் வேனில், சமயத்தில் டூவீலர் சீட்டுக்கு அடியில்.

சரி, ஒரு வண்டியில் போதைப்பொருள் இருந்தது. பிடித்தாச்சு. அது யாருடையது என்று எப்படி நிரூபிக்கிறார்கள்? ஓட்டினவனா, ஓனரா, பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவனா, லிஃப்ட் கேட்டு ஏறினவனா? நான் வக்கீல் இல்லை. வெறும் பி.காம். மெர்க்கன்டைல் லா ஒரு பேப்பர் இருந்தது. பாஸ் மார்க்கோடு எனக்கும் அதற்குமான உறவு முடிந்தது. ஆனால் இந்த விஷயத்தைத் தோண்டத் தோண்ட, இது சட்டத்தைவிட கணக்கு வழக்குக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தோன்றுகிறது. எந்த எண்ட்ரியை யார் முதலில் போடுவது, வவுச்சர் எங்கே, எடை எவ்வளவு... எல்லாம் நம்ம சப்ஜெக்ட்!

எடைக்கு எடை தண்டனை

நம் நாட்டில் இதற்கென்று இருப்பது 1985-ஆம் வருட போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். கோர்ட் வட்டாரத்தில் சுருக்கமாக 'என்.டி.பி.எஸ்.' 1985 நவம்பர் 14-ஆம் தேதி அமலுக்கு வந்தது. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வேடிக்கைக் கதை இருக்கிறது.

இங்கிலாந்தில் ஒருவரிடம் போதைப்பொருள் கிடைத்தால், 'விற்கும் நோக்கத்தோடு வைத்திருந்தார்' என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அதற்கு போலீஸ் தேடுவது என்ன தெரியுமா? சின்னத் தராசு, குட்டிக் குட்டி பிளாஸ்டிக் கவர்கள், கட்டுக்கட்டாகச் சில்லறை நோட்டு, யார் யார் எவ்வளவு பாக்கி என்று குறித்து வைத்த நோட்டுப் புத்தகம். கணக்கை ஒழுங்காக எழுதி வைத்ததற்காகவே உள்ளே போகிற ஒரே பிசினஸ் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்!

நம் சட்டம் பெரும்பாலும் அந்த வழிக்குப் போவதில்லை. நோக்கத்தைக் கேட்பதற்கு முன்னால் எடையைக் கேட்கிறது. 2001-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மூன்று படிக்கட்டு. கஞ்சாவை எடுத்துக்கொண்டால், 1 கிலோவுக்குக் கீழே 'சிறிய அளவு'. ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. குறைந்தபட்சமே 10 வருஷம், 20 வருஷம் வரை போகலாம். அபராதம் 1 லட்சத்தில் ஆரம்பம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் 10 வருஷம் வரை. ஹெராயினுக்கு இதே படிக்கட்டு 5 கிராமும் 250 கிராமும். வீட்டில் மிளகாய்த்தூள் வாங்குகிற பாக்கெட் சைஸ்தான் 250 கிராம். அதைத் தாண்டினால் பத்து வருஷம்.

ஜாமீன்? வணிக அளவு என்றால் 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் தப்பு செய்யமாட்டார்... இந்த இரண்டிலும் கோர்ட்டுக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன். கேஸே ஆரம்பிக்கவில்லை; அதற்குள் நிரபராதி மாதிரி தெரிய வேண்டும்! குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் வரை டயம். ஆபீசில் வேலை பார்க்கிறவர் ஆறு மாசம் உள்ளே இருந்தால் லீவு லெட்டரில் என்ன காரணம் எழுதுவார்? 'கடும் காய்ச்சல்' என்றா?

அதனால்தான் 'அது என் பொருள் இல்லை, எனக்குத் தெரியாது' என்கிற அந்த ஒரு வாக்கியத்துக்கு இத்தனை மவுசு. நிஜமான கடத்தல்காரன் சொல்வதும் அதே வாக்கியம்தான். நண்பன் காரில் ஓசியில் ஏறி மாட்டிக்கொண்டவன் சொல்வதும் அதே வாக்கியம்தான். கோர்ட் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கையில் இல்லை... ஆனாலும் கைவசம்!

சட்டத்தில் 'வைத்திருத்தல்' என்பதற்கு இரண்டு கால்கள். ஒன்று, பொருள் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இரண்டு, அது இருப்பதும் அது என்ன என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு காலும் இருந்தால்தான் கேஸ் நிற்கும். இதைத்தான் கோர்ட்டுகள் 'அறிந்தே வைத்திருத்தல்' என்கின்றன.

இப்போது அந்த வேடிக்கைக் கதை. ராஜஸ்தானில் பவானி மண்டி என்கிற ஊர். அங்கே கோர்ட்டின் பொருள் காப்பறையில், வேறு ஏதோ வழக்கில் பிடித்த அபின் 10 கிலோவுக்கு மேல் இருந்தது. ஒரு நல்ல ராத்திரியில் பூட்டை உடைத்து யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோர்ட்டுக்குள்ளேயே திருட்டு! நடந்தது 1985 நவம்பர் 12-க்கும் 13-க்கும் இடைப்பட்ட இரவு. சட்டம் அமலுக்கு வந்தது 14-ஆம் தேதி.

பிற்பாடு ஆள் சிக்கினார். அவர் காட்டிய இடத்திலிருந்தே அபினும் வந்தது. வக்கீல் என்ன வாதாடியிருப்பார்? அதேதான். "ஐயா, என் கட்சிக்காரர் திருடியபோது இந்தச் சட்டமே பிறக்கவில்லை!" கேஸ் உச்சநீதிமன்றம் வரை போய் 2015-ல் தீர்ப்பானது. மோகன் லால் வழக்கு என்று பெயர். திருடினது 13-ஆம் தேதியோடு முடிந்திருக்கலாம்; வைத்திருந்தது 14-ஆம் தேதிக்கு அப்புறமும் தொடர்ந்ததே என்றது கோர்ட். பொருள் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்து, போய் எடுக்கிற அதிகாரமும் உங்களிடம் இருந்தால் அதுவும் கைவசம்தான். நம் வீட்டு நகை பேங்க் லாக்கரில் இருந்தால் அது நம் நகை இல்லையா என்ன?

மூட்டை மேல் உட்கார்ந்தவர்கள்

வண்டி என்று வரும்போது சிக்கல் கூடிவிடுகிறது. வண்டி நகரும், ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பஞ்சாபில் ஒரு லாரி. அதிகாலை இருட்டு. உள்ளே 16 மூட்டை கசகசாக் காய்த்தோல். (கசகசா நம் குருமாவுக்கு, அந்தக் காயின் தோல் போதைக்கு.) போலீஸ் மறித்தவுடன் சிலர் இறங்கி ஓட்டம். டிரைவரும், மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்களும் மாட்டினார்கள். கீழ் கோர்ட்டில் தண்டனை. 2002-ல் உச்சநீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அவ்தார் சிங் வழக்கு. காரணம் என்ன? யார் லோடு ஏற்றியது, யார் வாங்கியது, எங்கே போகிறது, மூட்டைக்கும் மேலே உட்கார்ந்தவருக்கும் என்ன சம்பந்தம் என்று போலீஸ் விசாரிக்கவே இல்லை. அவர்கள் ஏற்றி இறக்க வந்த கூலி ஆட்களாகக்கூட இருக்கலாமே? மூட்டை மேல் உட்கார்ந்ததற்காக மூட்டை சொந்தமாகிவிடுமா? போதாததற்கு, 'உன்னிடம் இது இருந்ததே, என்ன சொல்கிறாய்?' என்று குற்றம்சாட்டப்பட்டவரிடம் கோர்ட் கேட்க வேண்டிய கேள்வியைக்கூட விசாரணையில் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று இமாச்சலப் பிரதேசம். ஒரு வண்டியில் ஐந்து பேர். உள்ளே 820 கிராம் சரஸ். நாலு பேர் சொன்னது, "எங்களுக்குத் தெரியாது." 2003-ல் வந்த மதன் லால் வழக்குத் தீர்ப்பில் அது எடுபடவில்லை. ஏன்? அது பஸ் இல்லை. கண்டவரும் கைகாட்டி ஏறுகிற பொது வண்டி இல்லை. எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரே இடத்திலிருந்து ஒன்றாக வந்திருக்கிறார்கள். ஏன் ஒன்றாக வந்தோம் என்பதற்கு உருப்படியான ஒரு விளக்கம்கூட இல்லை. அப்படியானால் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்று கோர்ட் முடிவுக்கு வந்தது.

2010-ல் இன்னொரு பஞ்சாப் வழக்கு. கார் டிக்கியில் 65 கிலோ அபின். ஓட்டினவருக்கும் தண்டனை, கூட வந்தவருக்கும் தண்டனை. 65 கிலோ என்பது ஒரு ஆள் எடை. டிக்கியில் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு, 'கவனிக்கலீங்க' என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆக, கோர்ட் பார்ப்பது இவ்வளவுதான். வண்டி சொந்த வண்டியா, பொது வண்டியா? கூட வந்தவர்கள் சிநேகிதர்களா, வழிப்போக்கர்களா? சரக்கு கண்ணுக்குத் தெரிகிற இடத்திலா, ரகசிய அறையிலா? சாவி யாரிடம்? எங்கிருந்து எங்கே, என்ன வேலையாகப் பயணம்? வாய் சொல்வது இரண்டாவது. சுற்றியிருக்கிற சங்கதிகள் சொல்வதுதான் முதலாவது.

முதல் எண்ட்ரி யாருடையது?

இந்தச் சட்டத்தில் 35, 54 என்று இரண்டு பிரிவுகள். சாதாரண வழக்கில் போலீஸ்தான் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். இங்கே உல்டா. பொருள் உங்களிடம் இருந்தது என்றால், தப்பான எண்ணத்தோடுதான் வைத்திருந்தீர்கள் என்று கோர்ட் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

கேட்டால் பகீர் என்றுதான் இருக்கிறது. ஆனால் இதற்கும் ஒரு கடிவாளம் உண்டு. 1997 ஆகஸ்டில் அமிர்தசரஸ் விமான நிலையத்தில் ஆப்கன் விமான ஊழியர் ஒருவர் திராட்சைப் பெட்டியோடு வந்தார். திராட்சைக்கு நடுவே 1 கிலோ 400 கிராம் ஹெராயின் என்று கேஸ். நூர் ஆகா வழக்கு. 2008-ல் உச்சநீதிமன்றம், 35-ஆம் பிரிவும் 54-ஆம் பிரிவும் செல்லும் என்றது. கூடவே, முதலில் அடிப்படை உண்மைகளை அரசு தரப்புதான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் சுமை குற்றம்சாட்டப்பட்டவர் தோளுக்கு மாறும் என்றது. அவருக்கு அந்த அளவு கடுமை தேவையில்லை, அவர் சொல்வது நடந்திருக்கக்கூடியதுதான் என்று தோன்ற வைத்தால் போதும். சட்டம் கடுமையானது என்றால் போலீஸ் நடைமுறையும் அதே கடுமையோடு இருக்க வேண்டும் என்றும் அழுத்திச் சொன்னது. அந்த வழக்கில் பொருளைப் பாதுகாத்த லட்சணமும் சாம்பிள் எடுத்த விதமும் சரியில்லை என்று அவர் விடுதலையானார்.

கணக்குப் பிள்ளை பாஷையில் சொன்னால், முதல் எண்ட்ரி போலீசுடையது. வவுச்சரோடு போட வேண்டும். அது சரியாக விழுந்த பிறகுதான் நாம் எதிர் எண்ட்ரி தேடி ஓட வேண்டும். முதல் எண்ட்ரியே இல்லாமல் நம்மை டேலி பண்ணச் சொல்ல முடியாது.

"நானே சொன்னேன்" என்று எழுதி வாங்கினால்?

ரொம்ப காலமாக ஒரு சுலப வழி இருந்தது. 67-ஆவது பிரிவில் விசாரணை அதிகாரிகள் வாக்குமூலம் வாங்கலாம். 'ஆமாம், எனக்குத் தெரியும், என் பங்கு இவ்வளவு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அதுவே சாட்சியமாக ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்ததா தெரியாததா என்று இத்தனை ஆராய்ச்சி எதற்கு? அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே!

இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. 2004-ல் சென்னையில் ஒரு காரை மடக்கி 5 கிலோவுக்கு மேல் ஹெராயின் பிடித்தார்கள். காரில் இருந்தவர்களில் ஒருவர் தூஃபான் சிங். தண்டனை பத்து வருஷம். அவருக்கு எதிராகப் பெரிதாக இருந்தது அந்த வாக்குமூலம்தான். 2020 அக்டோபர் 29-ல் உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர், நீதிபதிகள் நாரிமனும் நவீன் சின்ஹாவும், இப்படித் தீர்ப்புச் சொன்னார்கள்: இந்தச் சட்டப்படி விசாரிக்கிற அதிகாரியும் போலீஸ் மாதிரிதான், அவரிடம் கொடுத்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது. நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட்டார். இரண்டுக்கு ஒன்று.

அன்றிலிருந்து போலீஸ் உட்கார்ந்து எழுதி வாங்குவதற்குப் பதிலாக எழுந்து போய்த் தேட வேண்டியிருக்கிறது. டோல்கேட் பதிவு, செல்போன் அழைப்புகள், யார் கணக்கிலிருந்து யாருக்குப் பணம் போனது, வண்டி யார் பேரில்... எல்லாம் உழைப்பு கேட்கிற வேலை. நல்லதுதான். உழைத்துப் பிடித்தால் கேஸ் நிற்கும்.

ஜீப்பில் கோட்டை விட்ட கதை

உழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாம்பிள். ஹரியானாவில் ரோட்டோரம் நின்ற ஜீப்பில் போதைச் சரக்கு மூட்டைகள். தகவல் வந்து, போய்ப் பிடித்தார்கள். சட்டத்தில் 42-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? ரகசியத் தகவல் வந்தால் அதை எழுத்தில் குறித்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொது இடத்தில் பிடித்தால் 43-ஆவது பிரிவு. இந்தச் சடங்கு தேவையில்லை. போலீஸ் சொன்னது, "ரோடு பொது இடம்தானே?" 2021-ல் உச்சநீதிமன்றம் சொன்னது, "ரோடு பொதுதான். ஜீப் தனியாருடையது." நாலு வரி எழுதி அனுப்பாததால் எல்லாரும் விடுதலை. பூட்டா சிங் வழக்கு.

50-ஆவது பிரிவும் இப்படித்தான். உடம்பைச் சோதனை போடும்போது, 'மாஜிஸ்திரேட் முன்னாலோ கெஜட்டட் ஆபீசர் முன்னாலோ சோதிக்கச் சொல்ல உனக்கு உரிமை உண்டு' என்று சொல்லியாக வேண்டும். ஆனால் கையில் இருக்கிற பைக்கும் வண்டிக்கும் இது பொருந்தாது என்று 2005-லேயே தீர்ப்பாகிவிட்டது. டிக்கியைத் திறக்க கெஜட்டட் ஆபீசர் வர வேண்டும் என்று ஹைவேயில் சட்டம் பேசாதீர்கள், எடுபடாது.

அப்புறம் எடை. கஞ்சா என்றால் சட்டப்படி அந்தச் செடியின் பூக்கிற, காய்க்கிற நுனிப் பகுதி. அந்த நுனி இல்லாமல் வெறும் இலையும் விதையும் மட்டும் இருந்தால் அது கஞ்சா கணக்கில் சேராது. 21 கிலோ என்று எழுதிய மூட்டையில் இலை எவ்வளவு, தண்டு எவ்வளவு, சாக்கின் எடை எவ்வளவு? கோணிப்பை எடையைக் கழிக்காமல் பருத்தி விற்க முடியுமா நம்ம ஊரில்? அந்த ஒரு கிலோவில்தான் 'பத்து வருஷம் வரை' என்பது 'குறைந்தது பத்து வருஷம்' என்று புரண்டுவிடுகிறது.

சாம்பிள் எடுப்பதும் மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடக்க வேண்டும் என்கிறது 52ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது. மகஜரில் என்ன எழுதினார்கள் என்று பத்து வருஷம் மல்லுக்கட்டுவதைவிட பத்து நிமிஷ வீடியோ மேல். நிரபராதிக்கும் அது நல்லது, நேர்மையான எஸ்.ஐ.க்கும் நல்லது.

இதைப் படித்துவிட்டு, "ஓஹோ, ஓட்டை நிறைய இருக்கு போல" என்று யாராவது சந்தோஷப்பட்டால், அவர்களுக்கு ஒன்று. நான் கஞ்சா வியாபாரிக்கு வக்காலத்து வாங்கவில்லை. காலேஜ் வாசலில் பொட்டலம் விற்கிறவன் தப்பிப்பது எத்தனை பெரிய கொடுமையோ, அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு ஒருத்தன் பத்து வருஷம் போவதும் அத்தனை பெரிய கொடுமை. ஒழுங்கான விசாரணை இரண்டையும் தடுக்கும். அவசரக் கேஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தி வைக்கும்.

லாரி என்ன பாவம் செய்தது?

கொங்கு நாட்டில் லாரியைப் பற்றிப் பேசாமல் கட்டுரை முடிந்தால் நாமக்கல், சங்ககிரிக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் கேட்பார்: "ஏனுங்க, ஆயிரம் மைலுக்கு அப்பால டிரைவர் சீட்டுக்கடியில என்ன வெச்சிருக்கான்னு நான் இங்க உக்காந்துட்டு எப்படிங்க பாக்கறது? வட்டி மட்டும் மாசாமாசம் என்ற பேர்லதான வருது!"

நியாயமான கேள்வி. கடத்தலுக்குப் பயன்பட்ட வண்டியை 60-ஆவது பிரிவில் அரசு பறிமுதல் செய்யலாம். ஓனர் தப்பிக்க வேண்டுமானால் தனக்கோ, தன் ஏஜென்ட்டுக்கோ, வண்டிக்குப் பொறுப்பானவருக்கோ தெரியாது, உடந்தை இல்லை, நியாயமான முன்ஜாக்கிரதை எல்லாம் எடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டும். தெரிந்தே வண்டியைக் கொடுத்தால் 25-ஆவது பிரிவில் ஓனரும் குற்றவாளிதான்.

வழக்கு முடிகிறவரை வண்டி? ஸ்டேஷன் வளாகத்தில் மழையிலும் வெயிலிலும் நின்று, டயருக்குள் வேப்பங்கன்று முளைத்திருக்கும் லாரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2025 ஜனவரியில் அசாம் லாரி ஒன்றின் வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. தவணையில் வாங்கின லாரி. அதில் ஏறி வந்தவரின் சோப்பு டப்பாக்களில் 24.8 கிராம் ஹெராயின். ஓனர் மீதும் டிரைவர் மீதும் குற்றமே இல்லை. அப்படியும் லாரி மட்டும் ஜெயிலில். கோர்ட் கேட்டது கிட்டத்தட்ட இதுதான்: ஒரு பயணி தனியார் விமானத்தில் ஹெராயினோடு சிக்கினால், விமானத்தையும் வழக்கு முடிகிறவரை நிறுத்தி வைப்பீர்களா? லாரியை நிபந்தனையோடு விடச் சொன்னது.

அதே 2025-ல் நம் தமிழ்நாட்டு லாரியின் முறை. சத்தீஸ்கரிலிருந்து ராணிப்பேட்டைக்கு இரும்புத் தகடு ஏற்றி வந்த லாரி. டிரைவரிடமும் கூட வந்தவர்களிடமும் சேர்த்து 6 கிலோ கஞ்சா. ஓனர் பேரில் வழக்கே இல்லை. 2022-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, வண்டியை என்ன செய்வது என்பதைப் பொருள் அழிப்புக் குழுதான் முடிவு செய்யும் என்று கீழே மறுத்துவிட்டார்கள். உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வண்டியை இடைக்காலமாக விடுவிக்கிற அதிகாரத்தை அந்த விதிகள் சிறப்புக் கோர்ட்டிடமிருந்து பறித்துவிடவில்லை என்றது. இரும்பு ஏற்றினவருக்கு இனி கொஞ்சம் மூச்சு விடலாம்.

கடல் தாண்டினால் கதை வேறு

சிங்கப்பூரில் சட்டம் சுற்றி வளைக்காது. வண்டியில் போதைப்பொருள் இருந்தால் ஓனரும், அப்போது வண்டிக்குப் பொறுப்பாக இருந்தவரும் வைத்திருந்ததாகவே ஊகம். இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2 கிராமைத் தாண்டின ஹெராயின் என்றால் கடத்தலுக்குத்தான் என்று அடுத்த ஊகம். 15 கிராமைத் தாண்டிய கடத்தலுக்குத் தூக்கு. 2009-ல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் தொடையில் கட்டிய பொட்டலத்தோடு பிடிபட்ட மலேசியத் தமிழ் இளைஞர் நாகேந்திரன் தர்மலிங்கம், 2022 ஏப்ரல் 27-ல் தூக்கிலிடப்பட்டார். எடை 42.72 கிராம். ஒரு எலுமிச்சம்பழம் எடை. அவருடைய அறிவுத்திறன் குறைவு என்று உலகம் முழுக்க எழுந்த வாதம் அவரைக் காப்பாற்றவில்லை.

வேலைக்காக, டூருக்காக அந்தப் பக்கம் போகிற நம் பையன்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். "சும்மா ஒரு பார்சல்தாண்டா, அங்க ஒருத்தர் வந்து வாங்கிக்குவாரு" என்கிற வாக்கியத்தின் முழு விலை இதுதான்.

நம்ம அளவுக்கு நாலு விஷயம்

பைக்கோ காரோ இரவல் கொடுக்கிறீர்களா? யாருக்கு, எந்த நாள், எதற்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருக்கட்டும். 'கல்யாணத்துக்குப் போறேன்னு வாங்கினான்' என்பதை ஆறு மாசம் கழித்து வாயால் சொன்னால் அது கதை. அன்றே எழுதியிருந்தால் அது வவுச்சர். வண்டியை விற்றால் ஆர்.சி.யில் உடனே பெயர் மாற்றுங்கள். 'அவரே மாத்திக்குவார்' என்று விட்டால், வாளையாரில் பிடிபடுகிற வண்டிக்குப் போத்தனூரில் உங்கள் வீட்டுக் கதவு தட்டப்படும்.

முன்பின் தெரியாதவர் பார்சலை வாங்காதீர்கள். தெரிந்தவர் கொடுத்தால் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். சொந்தக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், தீபாவளிக்குள் சரியாகிவிடும்.

லாரி ஓனர்கள் டிரைவரின் லைசென்ஸ் நகல், முகவரி, ட்ரிப் ஷீட், ஜி.பி.எஸ். பதிவு, 'வேறு ஆள், வேறு சரக்கு ஏற்றக் கூடாது' என்று எழுதி வாங்கின கடிதம் எல்லாம் ஃபைலில் வைக்க வேண்டும். சட்டம் கேட்கிற 'நியாயமான முன்ஜாக்கிரதை'க்கு அதுதான் சாட்சி.

ஒருவேளை மாட்டிக்கொண்டால்? ஓடாதீர்கள். ஓடினவன் கால்தான் முதல் சாட்சி. எங்கிருந்து வருகிறேன், யாரோடு, எதற்கு என்பதை முதல் நாளிலிருந்து ஒரே மாதிரி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பஸ் டிக்கெட், ஹோட்டல் பில், பெட்ரோல் பங்க் கேமரா என்று எதெல்லாம் உங்கள் பயணத்துக்குச் சாட்சி சொல்லுமோ அதையெல்லாம் வீட்டுக்காரர்கள் உடனே திரட்ட வேண்டும். கேமரா பதிவு ரொம்ப நாள் தங்காது. கைதுக்கான காரணத்தைத் தெரிந்துகொள்வதும் வக்கீலைப் பார்ப்பதும் அரசியல் சட்டம் கொடுத்த உரிமை. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கோவையில் இந்த வழக்குகளை விசாரிக்கிற சிறப்புக் கோர்ட்டின் பெயர் இன்றியமையாப் பண்டங்கள் சட்ட வழக்குகளுக்கான நீதிமன்றம். ரேஷன் அரிசிக் கடத்தலும் கஞ்சாக் கடத்தலும் ஒரே கூரைக்குக் கீழே. அங்கே கூண்டில் நிற்கிறவரைப் பார்த்து நீதிபதி கேட்பது கடைசியில் ஒரே கேள்விதான்: 'உனக்குத் தெரியுமா, தெரியாதா?' அதற்கு யாரும் வாயால் பதில் சொல்லித் தப்பித்ததில்லை. பதில் சொல்ல வேண்டியது உங்கள் சாவிக்கொத்து, ஆர்.சி. புக், கூட்டாளிகள், வாட்ஸ்அப். அவை இப்போதே என்ன சொல்கின்றன என்று இன்றைக்கு ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்!